புட்டியிலுள்ள மணமும் புட்டியின் மேலுள்ள தேதியும்

நாள்பட நாள்பட மேன்மையுறும் பண்டங்கள் சில. பழைய அரிசி, பழம்புளி, நன்கு ஊறிய ஊறுகாய் முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை. நாள்பட நாள்படச் சிறப்பை இழப்பவை வேறு சில. வறுத்தரைத்த காப்பித் தூளும் இடித்த மல்லித் தூளும் இவ்வகையின. ஒரே பெயரைத் தாங்கிய ஒரு பண்டம், ஒரு நூற்றாண்டில் முதல் வகையிலும் மற்றொரு நூற்றாண்டில் இரண்டாம் வகையிலும் இடம்பெற்றிருக்குமாயின் அது ஆராயத் தக்கதே. நம் நாட்டின் பெயரைக் கொண்ட 'இந்தியா பேல் ஏல்' என்னும் பீர் மது அத்தகையது.

இன்று இம்மது மிகுதியாக விற்பனையாகும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே ஓர் ஊரிலுள்ள கடையின் அலமாரியில் இதில் நாற்பது, ஐம்பது வகைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பது சாதாரணக் காட்சி. ஆயினும் வாங்குபவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எந்த ஆலையின் சரக்கு என்பதன்று. எப்பொழுது புட்டியில் அடைத்த சரக்கு என்பதே. அதற்கு விடை காண்பது எளிதாக இருப்பதில்லை. அக்கேள்வி எழுவதற்கான இரசாயனக் காரணங்களும், விடை காணும் வழிகளும் இக்கட்டுரையில் விவரிக்கப்படுகின்றன.

மதுவிலக்கை நோக்கி அரசு முயலவேண்டும் என்பது நமது அரசியலமைப்பின் 47-வது விதி கூறும் நெறியாகும். மது அருந்துவதைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. புதிய மதுவாயினும் பழைய மதுவாயினும் அதிலுள்ள ஆல்கஹாலின் தீங்கு ஒன்றே. எனினும், அடைத்து வைத்த ஒரு பண்டத்தைக் காற்றும் உஷ்ணமும் ஒளியும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஹாப் பூவின் வேலை

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை, அதாவது பார்லியை, நசுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. இந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப் என்னும் கொடியின் பெண் பூக்களைச் சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் ஈஸ்ட் இட்டு நொதிக்கச் செய்தால் பீர் உண்டாகிறது. ஹாப் கொடி நீண்ட பகலும் குளிர்ந்த குளிர்காலமும் உள்ள பிரதேசங்களில் வளர்வது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் இது பயிரிடப்பட்டுள்ளது.

ஹாப் பூவின் இதழ்களின் அடியில் மஞ்சள் நிறப் பொடிபோன்ற சுரப்பிகள் உள்ளன. அவற்றில் இரு வகைப் பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று பிசின், மற்றொன்று வாசனைத் தைலம். பிசினிலுள்ள ஆல்பா அமிலங்கள் காய்ச்சும்போது அணு அமைப்பு மாறி ஐசோ ஆல்பா அமிலங்களாகின்றன. பீரின் கசப்பு இவற்றால் வருவது. பாலைப் புளிக்கச் செய்வதைப் போன்ற பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் இவையே. வாசனைத் தைலத்தில் மிர்சீன், லினலூல், ஜெரானியால் முதலிய பல பொருள்கள் கலந்துள்ளன. லினலூல் கொத்தமல்லி விதையின் மணத்துக்குக் காரணமான பொருள். ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. இவை எளிதில் ஆவியாகக்கூடியவை. ஆகவே நெடுநேரம் காய்ச்சினால் கசப்பு மிஞ்சும், மணம் போய்விடும். மணம் வேண்டுவோர், காய்ச்சி முடியும் தறுவாயிலும், நொதித்தல் முடிந்து ஆறிய பின்னரும் ஹாப்பைச் சேர்க்கின்றனர்.

கசப்பு காவல் செய்கிறது. மணம் இன்பம் தருகிறது. கசப்பு ஓரளவு நிலைத்து நிற்கும்; மணமோ விரைவில் மறையும். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் இம்மதுவின் வரலாறு முழுவதும் விளங்கும்.

கடல் கடந்து வந்த பீர்

18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே கல்கத்தாச் செய்தித்தாள்களில் இங்கிலாந்திலிருந்து வந்த வெளிர் நிறப் பீர்களுக்கு விளம்பரங்கள் வெளிவந்தன. லண்டனுக்குக் கிழக்கே போ என்னுமிடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை இவ்வணிகத்தில் முந்தி நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் தங்கும் துறை அதற்கு அருகில் இருந்ததும், கப்பல் தலைவர்களுக்கு அவ்வாலை நீண்ட தவணையில் சரக்குக் கொடுத்ததும் அதற்குக் காரணங்கள். 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் ஆலையும் போட்டியில் இறங்கியது. பர்ட்டன் கிணறுகளின் நீரில் கால்சியம் சல்பேட் மிகுதி. ஹாப் மிகுந்த வெளிர் நிறப் பீருக்கு அது மிகவும் ஏற்றதாக அமைந்தது.

இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்றே இப்பீர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் எழுதியுள்ளனர். அது சரியன்று. ஹாப் மிகுந்த வெளிர் நிறப் பீர் இங்கிலாந்தில் முன்னரே இருந்தது. கருநிறப் போர்ட்டர் பீரும் இந்தியாவுக்கு ஏராளமாகக் கப்பலேறியது. 'கிழக்கிந்திய பேல் ஏல்' என்னும் பெயரே பின்னர் வழக்கில் வந்தது. 1829-ம் ஆண்டில் சிட்னியிலும் 1835-ம் ஆண்டில் லிவர்பூலிலும் வெளியான செய்தித்தாள் விளம்பரங்களில் அப்பெயர் காணப்படுகிறது.

அக்காலத்தில் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதங்களில் இந்தியா வந்து சேர்ந்தன. பீப்பாய்களில் இருந்த பீர் அந்த அசைவிலும் வெப்பத்திலும் மெல்ல மெல்ல நொதித்துப் பக்குவமடைந்தது. முரட்டுக் கசப்பு தணிந்தது. மதராஸிலும் கல்கத்தாவிலும் அருந்தியவர்கள் விரும்பியது அந்த முதிர்ச்சியையே. புதிய ஹாப்பின் மணத்தை அன்று. இவ்வாறு இந்தியா பேல் ஏல் முதலில் காலத்தை வெல்லும் மதுவாகவே புகழ்பெற்றது.

அமெரிக்காவில் மறுபிறப்பு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. அது நீங்கியபின், சில பெரிய கம்பெனிகள் தயாரித்த மென்மையான லாகர் பீரே நாடெங்கும் பரவியது. 1970-களின் இறுதியில் அந்நாட்டில் நூற்றுக்கும் குறைவான பீர் ஆலைகளே எஞ்சியிருந்தன. பின்னர் சிறு ஆலைகள் பெருகின. இப்போது ஆலைகளின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்துக்கு மேல். இவற்றின் சரக்கையே 'கிராஃப்ட் பீர்' என்கின்றனர்.

இம்மாற்றத்துக்கு விவசாய விஞ்ஞானமும் ஒரு காரணம் என்பது குறிப்பிடத் தக்கது. ஆரிகன் மாநிலத்தில் அரசாங்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சியால் உருவான 'கேஸ்கேட்' என்னும் ஹாப் இனம் 1972-ம் ஆண்டில் பயிரிடுவதற்கு வெளியிடப்பட்டது. அதன் மணம் பப்ளிமாஸ், ஆரஞ்சு ஆகிய பழங்களின் தோலை ஒத்திருந்தது. ஸான்பிரான்ஸிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975-ம் ஆண்டிலும், கலிபோர்னியாவில் சீகோ நகரத்து சியரா நெவாடா ஆலை 1980-ம் ஆண்டிலும் இவ்வினத்தைக் கொண்டு தயாரித்த பீர்கள் மற்றவர்களுக்கு முன்மாதிரியாயின. அவற்றைப் பின்பற்றி எழுந்த அமெரிக்க ஐ.பி.ஏ. முழுவதும் மணத்தையே நம்பி நிற்பது. வெர்மான்ட் மாநிலத்தில் தோன்றிய, மங்கலான தோற்றமுடைய ஐ.பி.ஏ. இவற்றுள் மிக விரைவில் சிறப்பை இழப்பது. பழைய பெயர் நிலைத்துவிட்டது. பண்டத்தின் இயல்போ நேர்மாறாகிவிட்டது.

மூன்று பகைகள்

புட்டியிலுள்ள ஹாப் மணத்துக்குப் பகையானவை மூன்று: பிராணவாயு, உஷ்ணம், ஒளி.

பிராணவாயு முதற்பகை. அடைக்கும்போது புட்டியில் தங்கிவிடும் சிறிதளவு காற்றும் கேடு செய்யப் போதுமானது. பழமணம் தரும் பொருள்கள் சிதைகின்றன. தேனையும் பாகையும் ஒத்த மந்தமான வாடை தோன்றுகிறது. இறுதியில் நனைந்த அட்டையின் வாடை வருகிறது. இந்த அட்டை வாடையைத் தரும் பொருள்களில் முக்கியமான ஒன்று டிரான்ஸ்-2-நோனினால் என்பது 1970-ம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆயிரம் கோடிப் பங்கில் ஒரு பங்கு இருந்தாலே நாவும் மூக்கும் அதை உணர்ந்துவிடும். புட்டியை மூடும் சோடா மூடி, 1892-ம் ஆண்டில் பால்டிமோர் நகரத்தவரான வில்லியம் பெயின்டர் என்பவர் அமைத்தது. அதன் உட்புறமுள்ள மெல்லிய பூச்சின் வழியே நாளடைவில் காற்று சிறிது சிறிதாக உட்புகுகிறது. அதுவுமன்றி, மிர்சீன் போன்ற தைலங்களை அப்பூச்சு உறிஞ்சிக்கொள்கிறது.

உஷ்ணம் இரண்டாவது பகை. பத்து டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் இரசாயன மாறுதலின் வேகம் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மடங்காகும் என்பது பொதுவான விதி. இரண்டு மடங்கு என்றே கொள்வோம். 5 டிகிரியில் 12 வாரங்களில் நிகழும் கேடு 25 டிகிரியில் 3 வாரங்களிலும், 35 டிகிரியில் ஒன்றரை வாரத்திலும் நிகழ்ந்துவிடும். 35 டிகிரி உஷ்ணமுள்ள சரக்கு வண்டியில் கழிந்த 5 நாட்கள் குளிரறையில் கழிந்த 40 நாட்களுக்குச் சமம். குளிரில் இருந்த பீரை ஒருமுறை வெளியே எடுத்தாலே கெட்டுவிடும் என்று சிலர் எண்ணுவது தவறு. எத்தனை முறை சூடேறியது என்பதைவிட, மொத்தம் எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதே முக்கியம்.

ஒளி மூன்றாவது பகை, வேகத்தில் முதன்மையானது. வெயிலில் வைத்த பீர் கெடுவதை ஜெர்மன் விஞ்ஞானி லின்ட்னர் 1875-ம் ஆண்டிலேயே குறிப்பிட்டுள்ளார். ஏறத்தாழ 350 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஒளி அலைகளை, பீரில் இயற்கையாகவே உள்ள ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சக்தியால் ஐசோ ஆல்பா அமிலங்கள் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் உண்டாகிறது. அமெரிக்காவில் ஸ்கங்க் என்னும் பிராணி பகைவர்மீது பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்தை ஒத்தது இது. லட்சம் கோடிப் பங்கில் சில பங்குகளே இருந்தாலும் இந்நாற்றம் புலப்படும். நேர் வெயிலில் சில நிமிடங்களே இதற்குப் போதும். பழுப்புக் கண்ணாடி இவ்வொளியைப் பெரும்பாலும் தடுக்கிறது. பச்சைக் கண்ணாடி சிறிதளவே தடுக்கிறது. நிறமற்ற கண்ணாடி தடுப்பதேயில்லை. கசப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு இக்கேடும் நேரக்கூடும். கொலராடோ மாநிலத்தின் ஆஸ்கர் புளூஸ் ஆலை 2002-ம் ஆண்டில் அலுமினிய டப்பிகளில் தன் பீரை அடைக்கத் தொடங்கியபின் பல சிறு ஆலைகள் டப்பிக்கு மாறின. டப்பிக்குள் ஒளி புகாது. காற்றும் மிகக் குறைவாகவே புகும்.

இவ்வாறு கெட்ட பீரால் நோய் வராது. ஆல்கஹால், அமிலத்தன்மை, கரியமில வாயு, ஹாப் கசப்பு ஆகியவை சேர்ந்திருப்பதால் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் அதில் வளர்வதில்லை. கொடுத்த விலைக்குரிய குணம் கிடைக்காமற் போவதே நஷ்டம். மருந்துப் புட்டியின் காலாவதித் தேதிக்கும் பீர்ப் புட்டியின் தேதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தேதியைப் படிக்கும் முறை

அமெரிக்க மத்திய அரசின் லேபிள் விதிகளின்படி, பீர் அடைத்த தேதியைக் குறிப்பது கட்டாயமன்று. ஆகவே ஆலைக்கு ஆலை வழக்கம் மாறுபடுகிறது. அடைத்த தேதியை நேராக அச்சிடுவது ஒரு முறை. வாங்குபவருக்கு இதுவே மிகவும் உதவுவது. இன்ன தேதிக்குள் அருந்துக என்று குறிப்பது மற்றொரு முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் ஆலை 90 நாட்களையும் மற்றோர் ஆலை 180 நாட்களையும் தவணையாகக் கொள்ளலாம். தவணை தெரியாமல் முடிவுத் தேதியை மட்டும் அறிவதால் வயது தெரியாது.

மூன்றாவது முறை சங்கேத எண். ஆண்டின் நாட்களை 1 முதல் 365 வரை எண்ணி, அந்த எண்ணை அச்சிடுவார்கள். 045 என்றால் ஜனவரியின் 31 நாட்கள் கழித்து 14-வது நாள். அதாவது பிப்ரவரி 14. 137 என்றால் சாதாரண ஆண்டில் மே 17. லீப் ஆண்டில் மே 16. ஆண்டைக் குறிக்க ஓர் எண்ணை முன்னாலோ பின்னாலோ சேர்ப்பதுண்டு. பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு இது நல்ல பயிற்சியாகும். ஆனால் இம்முறை ஆலையாருக்கும் கடைக்காரருக்கும் விளங்குவதேயன்றி, சாதாரணமாக வாங்குபவருக்கு விளங்குவதன்று.

தேதியை மறைக்காமல் பறைசாற்றிய ஆலைகளும் உண்டு. கலிபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 2012-ம் ஆண்டு முதல், அருந்தவேண்டிய கடைசித் தேதியையே பெயராகக் கொண்ட ஓர் ஐ.பி.ஏ.யை வெளியிட்டது. அடைத்த நாளிலிருந்து அதற்கு அளித்த தவணை சுமார் ஐந்து வாரங்களே. அதே மாநிலத்தின் ரஷ்யன் ரிவர் ஆலை, தன் புகழ்பெற்ற பீரின் லேபிளில், சேமித்து வைக்காமல் உடனே அருந்தும்படி மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறது.

அலமாரியின் கணக்கு

மதுவிலக்கு நீங்கியபின் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஆலையார், விநியோகஸ்தர், கடைக்காரர் என மூன்று படிகள் ஏற்பட்டன. ஆலையைவிட்டு வெளியேறிய சரக்கு கிடங்கில் எத்தனை நாள், எந்த உஷ்ணத்தில் இருக்கும் என்பது ஆலையாரின் கையில் இல்லை.

கடையில் வகைகள் பெருகப் பெருகச் சரக்குப் புதிதாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருப்பது தெரியும். ஒரு கடையில் வாரந்தோறும் 120 புட்டிகள் விற்பனையாவதாகக் கொள்வோம். 12 வகைகளில் வகைக்கு 24 புட்டிகள் வைத்தால் மொத்தம் 288 புட்டிகள். அவை இரண்டரை வாரங்களுக்குள் விற்றுவிடும். 60 வகைகளை அதே அளவில் வைத்தால் 1,440 புட்டிகள். விற்று முடிய 12 வாரங்களாகும். வாங்குவோரின் எண்ணிக்கை ஒன்றே. வகை பெருகியதால் சரக்கின் வயது ஏறிவிட்டது. நிறைந்த அலமாரி கண்ணுக்கு விருந்தாகலாம். விரைவில் காலியாகும் அலமாரியே புதிய சரக்குக்கு அடையாளம்.

ஆகவே, புதிய சரக்கை நாடுபவர்கள் கடையில் சில செய்திகளைக் கவனிக்கின்றனர். புட்டியின் கழுத்து, தோள், லேபிளின் ஓரம், டப்பியின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் தேதியைத் தேடுகின்றனர். தேதி இல்லாத சரக்கை ஒதுக்குகின்றனர். குளிர்ப் பெட்டியில் உள்ளதையும், மூடிய அட்டைப் பெட்டியில் ஒளி படாமல் இருந்ததையும் தேர்கின்றனர். ஜன்னலருகில் அழகுக்காக அடுக்கியவற்றைத் தொடுவதில்லை. பழைய சரக்கின் முன்னால் புதியதை அடுக்கும் கடையில், பின்வரிசை எப்போதும் பழையதாகவே தேங்கிவிடும் என்பதையும் அறிந்துள்ளனர். தொலைவிலிருந்து வந்த பிரசித்தமான பீரைவிட, அருகிலுள்ள ஆலையில் சென்ற வாரம் அடைத்த எளிய பீரே மேல் என்பது பலருடைய அனுபவம். பெங்களூர் போன்ற நகரங்களில் தயாரித்த இடத்திலேயே பீரை விற்கும் சிற்றாலைகள் ஏற்பட்டுள்ளன. தூரத்தாலும் நாட்களாலும் விளையும் இழப்பு அங்கே பெரிதும் நீங்குகிறது.

வகுப்பறைச் சோதனை

மணப்பொருள் மறையும் விதத்தைப் பள்ளியில் மதுவின் உதவியின்றியே காட்டலாம். ஹாப்பில் உள்ள லினலூல் கொத்தமல்லி விதையிலும் உள்ளது என்று முன்னர்க் கூறப்பட்டது. புதிதாக இடித்த மல்லித் தூளை இரு கண்ணாடிக் குப்பிகளில் எடுத்துக்கொள்க. ஒன்றை வாய்வரை நிரப்பி, இறுக மூடி, கருங்காகிதம் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைக்க. மற்றதைப் பாதி மட்டும் நிரப்பி, தினமும் ஒருமுறை திறந்து மூடி, வெயில்படும் ஜன்னலில் வைக்க. நான்கு வாரங்கள் கழித்து, ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று கிண்ணங்களை, கண்ணைக் கட்டி, முகரக் கொடுக்க. இரண்டில் ஒரு குப்பியின் தூளும், ஒன்றில் மற்றக் குப்பியின் தூளும் இருக்கவேண்டும். வேறுபட்ட கிண்ணம் எது என்று அவர்கள் சொல்லவேண்டும்.

முக்கோணச் சோதனை எனப்படும் இம்முறை, 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் உருவாகிப் பின்னர் உணவு விஞ்ஞானம் முழுவதிலும் பரவியது. வெறும் ஊகத்தால் சொன்னாலும் மூவரில் ஒருவர் விடை சரியாகிவிடும். 30 மாணவர்களில் சுமார் 10 பேர் சரியாகச் சொன்னால் அது தற்செயல். 20 பேருக்கு மேல் சரியாகச் சொன்னால், தூளின் மணம் உண்மையாகவே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

வெளிக்களப் பணியாளருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தேதி காலத்தை மட்டுமே கூறும், உஷ்ணத்தைக் கூறாது. ஒரே நாளில் அடைத்த இரு புட்டிகளில் ஒன்று குளிரறையிலும் மற்றொன்று வெயில் காயும் கிடங்கிலும் இருந்திருந்தால், தேதி ஒன்றாயினும் நிலை ஒன்றாகாது. இக்குறையைத் தடுப்பு மருந்துகளின் விஷயத்தில் நீக்கும் பொருட்டு, உஷ்ணத்தால் நிறம் மாறும் குறியீடு 1996-ம் ஆண்டில் போலியோ சொட்டு மருந்துப் புட்டிகளில் முதன்முதலாக இடப்பட்டது. வட்டத்தினுள் உள்ள சதுரம் வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால், அச்சிட்ட தேதி எதுவாயினும் அம்மருந்து விலக்கத்தக்கது. பீர்ப் புட்டியில் அத்தகைய குறி இல்லை. அங்கே தேதியைப் படிப்பதோடு, அப்புட்டி இருந்த இடத்தையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. விதைப் பை, பூச்சிமருந்து, சமையல் எண்ணெய் ஆகியவற்றை வாங்கும்போதும் அவ்வாறே தேதியையும், வைத்திருந்த இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது நலம்.